எட்டுப் பேரும் ஒரு ஆட்டுக்கல்லும்

கோலாட்டக் குழு ஆரம்பிக்கக் குச்சி இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு எட்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் குழந்தை அழாமல் இருக்க வேண்டும். என்னைப் போல ஏதோ ஒரு சங்கத்தில் தலையைக் கொடுத்துவிட்டு விழிக்கிற சகோதரிகளுக்கு இது புரியும்.

செஞ்சியில் எங்கள் மாதர் சங்கத்துக்கு இருந்தது ஒரே ஓர் அறை. உரமூட்டை அடுக்க அதைப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கேட்டார்கள். யூனியன் ஆபீஸ் விழாவில் சங்கம் ஏதாவது செய்து காட்டினால் அறை தப்பும் என்றார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். மேடையில் பேச வராது, ஆடிவிடலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

எட்டாவது ஆள்

என்னையும் சேர்த்து ஏழு பேர் ஆனோம். கோலாட்டத்துக்கு ஜோடி வேண்டும். எட்டாவதாகப் பக்கத்துத் தெரு சரசுவைக் கேட்டால், "எங்க மாமியாரு உட மாட்டாங்கக்கா" என்றாள். மாமியார் குப்பம்மாளிடம் போய், சாமி பாட்டுத்தான், குனிந்து நிமிர்ந்தால் இடுப்புக்கு நல்லது என்று என்னென்னவோ சொன்னேன். அந்த அம்மாள் சரசுவோடு கிளம்பி வந்து, நாங்கள் ஆடிப் பழகுகிற எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று நாள் வெற்றிலை மென்றபடி பார்த்தாள். எழுந்து போய்விடுவாளோ என்று நான் வெற்றிலைத் தட்டைக் காலியாக விடவில்லை. நாலாம் நாள் எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் கையை நீட்டினாள். "பாக்கியம், என் மருமவ தப்புத் தப்பா அடிக்கிறா. அவ பாடட்டும். குச்சிய இங்க குடு."

குச்சி

பக்கத்து வீட்டு பாத்திமாவின் கணவர் கடைசல் வேலைக்காரர். கட்டில் கால், தொட்டில் கால் எல்லாம் அவர் கைதான். அதுவரை விறகுக் குச்சியில் பழகினோம்; விழாவுக்கென்று அவரிடம் பதினாறு குச்சி கேட்டேன். மனுஷர் ஆசையாகக் கடைந்து, நடுவில் குமிழ் வைத்து, சிவப்புச் சாயம் பூசிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் உலக்கைக்குத் தங்கை மாதிரி இருந்தது. முதல் அடியிலேயே இரண்டு பேருக்கு வளையல் உடைந்தது.

அவர் மனம் நோகுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. பாத்திமாதான் ஒரு குச்சியை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இன்னாங்க இது? நாலு குச்சிய நட்டு கயிறு கட்டினா ஆடி முடிச்சி அதுலியே படுத்துக்கலாம்."

ஆட்டுக்கல்

புதுக் குச்சி வந்தது. இடம்தான் தொந்தரவு. பின்கட்டின் நட்ட நடுவில் ஆட்டுக்கல் பதித்திருந்தது. அதைச் சுற்றித்தான் ஆடினோம். யாராவது உள்ளே நெருங்கினால் கால் கட்டைவிரல் சொல்லிவிடும். கல்லைப் பெயர்த்துத் தரச் சொல்லி என் வீட்டுக்காரரைக் கெஞ்சினேன்.

அவர் பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "ஆட்டம் ஒரு நாளு. இட்லி வருஷம் பூரா. கல்லு அங்கியே இருக்கட்டும்."

அமாவாசை

விழா நாள் அமாவாசையில் விழுந்தது. எங்களில் ஐந்து பேர் அமாவாசைதோறும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போயே தீருகிறவர்கள். அன்று பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எப்போது இறங்குவார்கள் என்பது அங்காளம்மனுக்குத்தான் தெரியும். தேதியை மாற்றச் சொல்லி யூனியன் ஆபீசுக்கு ஓடினேன். குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "தேதி ஆபீஸ் போட்டதும்மா. வேணும்னா அமாவாசைய மாத்திக்கங்க."

மேடை

ஐந்து பேரும் விடியற்காலை பஸ்ஸில் போய், விழா ஆரம்பித்த பிறகு நெற்றி நிறையக் குங்குமத்தோடு நேராக மேடைக்கே வந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. சரசு பாட்டெடுத்தாள். இரண்டு சுற்றுப் போனதும்தான் தெரிந்தது, நடுவில் கல் இல்லை. கல் இல்லாத வட்டம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேடை விளிம்புக்கு நகர்ந்தது. குப்பம்மாளின் ஒரு கால் வெளியே தொங்கியது. போயிற்று அறை என்று நினைத்தேன்.

காலை உள்ளே இழுத்த வேகத்தில் குப்பம்மாள் எங்களை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே நாற்காலியில் தலைமை தாங்க வந்த அதிகாரி அம்மா மாலையோடு உட்கார்ந்திருந்தார். வட்டம் அவரைச் சுற்றிப் போய் நின்றது. நடுவில் ஒன்று கிடைத்ததுதான் தாமதம், கால்கள் தாமாகப் போயின. ஒரு அடி பிசகவில்லை. அந்த அம்மா கையை மடியில் வைத்து, தலையைத் தாழ்த்தி, பாட்டு முடிகிறவரை அசையவில்லை. கூட்டம் விசில் அடித்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மாலையிலிருந்து முறிந்த குச்சி ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். "ரூமு உங்களுக்கே இருக்கட்டும்மா. நடுவுல உட்கார ஆள் வேணும்னு மட்டும், ஆடறோம்னு குடுத்த கடுதாசியில எழுதியிருக்கலாம்."

அடுத்த வருஷமும் எங்களை ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைமை தாங்கத்தான் இன்னும் ஒருவரும் சம்மதிக்கவில்லை.