பாக்கியரத்தினத்தாரும் நாலு ரயரும்

பாக்கியரத்தினத்தார் ஒரு முடிவுக்கு வருவதற்குள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்பார்கள். சட்டை வாங்கப் போனால் இரண்டு நிறத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலில் நிற்பார். இதைப் பார்ப்பார், அதைப் பார்ப்பார், கடைசியில் இரண்டையும் வைத்துவிட்டு ஒரு வேட்டியோடு வீடு வருவார். கந்தளாய் நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞர் வேலை. வாய்க்காலுக்கும் மதகுக்கும் கோடு கீறும்போது மட்டும் அவருக்குத் தடுமாற்றமே வராது. கோடு எங்கே போகவேண்டும் என்பதை வேறொருவர் சொல்லிவிடுவார் அல்லவா!

அப்படிப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு காரியத்தை யோசிக்காமல் செய்தார். ஐம்பத்து நாலு வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

நிலாவெளியில் உல்லாசப் பயணிகளுக்குக் கடலில் மூழ்கிச் சுழியோடக் கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் நாட்டுக்கே திரும்பிப் போகும்போது விற்ற கார் அது. கடும் நீலம். இரண்டே இரண்டு கதிரை. கூரையைக் கையால் மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். தரையோடு தரையாக இருக்கும், ஏறி இருந்தால் முழங்கால் நாடியில் முட்டும். "ரெண்டு பேர் மட்டும் போறதுக்கு ஒரு காரோ?" என்று சொந்தபந்தம் கேட்டது. "நாங்களும் ரெண்டு பேர்தானே" என்றார் பாக்கியரத்தினத்தார். ஒரே மகள் மட்டக்களப்பில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், ஆகவே கணக்குச் சரி.

மற்ற ஆள் அவருடைய மனைவி தவமலர். தம்பலகாமத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. கலியாணம் முடித்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் கண்டி வீதியால் வேலைக்குப் போனார்கள். அவர் தம்பலகாமத்தில் இறங்குவார், இவர் கந்தளாய்க்குப் போவார். கார் வந்த பிறகு அதே வீதியில் கூரையைத் திறந்துகொண்டு போனார்கள். தவமலரின் கொண்டை கலைந்து முகமெல்லாம் மயிர் பறக்கும், ஆனால் சிரிப்பு மட்டும் குறையாது. பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தினால், பிள்ளைகள் ஓடிவந்து ரீச்சரின் இரண்டு கையையும் பிடித்து மேலே தூக்கிவிடுவார்கள். அது தினமும் நடக்கிற ஒரு திருவிழா.

இந்தச் சந்தோசத்துக்குள் ஒரேயொரு முள் இருந்தது. கார் வாங்கிய அன்று பூசைக்குக் கோயிலடிக்குக் கொண்டுபோனார்கள். ஐயர் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தார். "பூசாதேங்கோ ஐயா, பெயின்ற் கெட்டுப்போகும்" என்று பாக்கியரத்தினத்தார் காருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். தேங்காய் உடைத்தால் சிரட்டை தெறித்துக் கீறிவிடுமாம். ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தால் புளி ரப்பரைத் தின்னுமாம். பாவம், ஐயர் எட்ட நின்றே தீபத்தைக் காட்டிவிட்டுப் போனார். தவமலர் கொண்டுவந்த நாலு எலுமிச்சம்பழத்தையும் திரும்பப் பைக்குள் போட்டார்.

பிறகுதான் அந்த மழை வந்தது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வீதியில் விழுந்த முதல் மழை. வீதி எண்ணெய் பூசியதுபோல் இருந்தது. காலையில் வேலைக்குப் போகிறார்கள், கப்பல்துறை தாண்டி ஒரு வளைவு, வளைவுக்கு அங்கால் வீதியை மறித்துக்கொண்டு எருமைகள். பாக்கியரத்தினத்தார் பிறேக்கை அழுத்தினார். கார் கட்டுக்கடங்காமல் வழுக்கி, வீதியை விட்டிறங்கிப் புல்லுக்குள் நின்றது. ஆளுக்கும் ஒன்றுமில்லை, காருக்கும் ஒன்றுமில்லை, எருமைக்கும் ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் தவமலர் குடையோடு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். ஏனென்று கேட்டதற்கு, "முதல்ல ரயரை மாத்துங்கோ. பிறகு பாப்பம்" என்றார். அவ்வளவுதான்.

பாக்கியரத்தினத்தாருக்கு வெறுங் கதிரையோடு போக மனம் வரவில்லை. அதற்காக மனைவியை விட்டுவிட்டு முந்திப் போகவும் மனம் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் அந்தச் சிவப்பு பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போனார். பஸ் நின்றால் இவரும் நிற்பார், பஸ் போனால் இவரும் போவார். பறக்கவென்று செய்த கார், பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு போனது. "ரீச்சர், உங்கட பொடிகாட் காவலுக்கு வாறார்" என்று கண்டக்டர் பகிடி பண்ணுவார். தவமலர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரயரை மாற்றினால் ஆள் வந்துவிடுவார். ஆனால் எந்த ரயர்?

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் நிப்றாஸ், கிண்ணியா ஆள், வாகனப் பைத்தியம். "சேர், இதுக்குப் பந்தயக்காரர் போடுற மெத்தென்ற ரப்பர்தான் சரி. ரோட்டை விடாது, பல்லி மாதிரி ஒட்டும்" என்றார். அது வெயிலுக்கு ஒட்டுமாம், மழைக்கு என்ன செய்யும் என்று கேட்டதும் நிப்றாஸ் தலையைச் சொறிந்தார். கனடாவில் இருக்கிற அக்காவின் மகன் தனஞ்சயன், நாலு பருவத்துக்கும் ஓடுகிற ரயர் இருக்கிறது, பனியிலும் வழுக்காது என்று வீடியோ அனுப்பினான். திருகோணமலையில் எந்தக் காலத்திலடா பனி கொட்டியது? அந்த வீடியோவுக்குக் கீழே உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நல்லதென்றதை மற்றவர் குப்பை என்றார். பாக்கியரத்தினத்தார் எல்லாவற்றையும் வாசித்தார். எல்லாரும் சொல்வது சரியாகவே பட்டது.

போதாக்குறைக்கு, இந்தக் காரின் முன் ரயர் ஒடுக்கம், பின் ரயர் அகலம். ரயரின் பக்கத்தில் எண்களும் எழுத்துகளும் சாதகக் குறிப்புப்போல நிறைந்திருந்தன. மற்றவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க, வீதியோரம் நிற்கிற வாகனங்களுக்குப் பக்கத்தில் எல்லாம் குந்தியிருந்து வாசிக்கத் தொடங்கினார். சந்தையடியில் ஒரு வான்காரர் ஓடிவந்து, "ஐயா, காத்துப் போயிட்டுதோ?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, சும்மா பாக்கிறன்" என்று எழும்பினார். வான்காரர் அவர் போகும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது சும்மாவா? இவர் அந்தத் தச்சனுக்கே தமையன்.

கடைசியில் ஹிஸ்புல்லாவின் ரயர் கடைக்குப் போய், கார் வழுக்கின கதையைச் சொன்னார். ஹிஸ்புல்லா காரை ஒரு சுற்றுப் பார்த்தார். பின் ரயரை நகத்தால் அழுத்தினார்.

"வெட்டெல்லாம் ஆழமாத்தான் இரிக்கி, தேயல்ல. ஆனா ரப்பர் கல்லாப் போச்சு, சேர். கன காலம் சும்மா நிண்ட காராக்கும்."

"அப்ப எதைப் போடலாம், ஹிஸ்புல்லா நானா?"

"எனக்கும் உடன சொல்ல ஏலா. நான் வேனுக்கும் உழவு மெசினுக்கும் ரயர் போடுற ஆள். சாமான் கொழும்பிலயிருந்து எடுக்கணும், பிழையா எடுத்தா திருப்பி அனுப்ப ஏலா. வழுக்கின நேரம் கார் முன்னுக்கு இழுத்துக்கிட்டுப் போனதா, இல்லாட்டிப் பின்பக்கம் சுத்தினதா?"

பாக்கியரத்தினத்தார் கண்ணை மூடி யோசித்தார். எருமை தெரிந்தது. பிறகு புல்லுத் தெரிந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"ரெண்டும் மாதிரித்தான் கிடக்கு."

"ரெண்டும் எண்டா ரெண்டு கதை, சேர். பக்கத்தில ஆரும் இருந்தவங்களா?"

"மனிசி இருந்தவ."

"அப்ப அவங்கட்டக் கேட்டுட்டு வாங்க."

அன்று பின்னேரம் தவமலர், பள்ளிக்கூடத்தில் சரஸ்வதிக்கு எடுக்கிற வாணி விழாவுக்கு நிறக் கடதாசி வெட்டிக்கொண்டிருந்தார். பாக்கியரத்தினத்தார் ஒரு வெள்ளைத் தாளில் கப்பல்துறை வளைவை அளவாகக் கீறி, எருமைகளுக்கு வட்டம் போட்டு, பென்சிலோடு முன்னால் வந்து இருந்தார்.

"தவம், ஒரு விசயம் சொல்லும். அண்டைக்கு முன் சில்லு வழுக்கினதோ, பின் சில்லோ?"

தவமலர் கத்தரிக்கோலை வைத்தார். பென்சிலை வாங்கி வளைவில் ஒரு புள்ளி வைத்தார். "இதில பிறேக் பிடிச்சனீங்கள். பின்பக்கம் இப்பிடி வீசிச்சு. என்ர பக்கம்தான் மாட்டுக்கு நேர போனது."

"அப்ப பின் ரயர்தான்!" பாக்கியரத்தினத்தாரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீரே, இப்ப விளங்கிட்டுது."

"நீங்கள் என்ன கத்தினனீங்கள் எண்டதையும் இதில எழுதட்டே?"

"நான் கத்தினனானோ?"

"'ஐயோ, கார்!' எண்டு கத்தினனீங்கள்."

பாக்கியரத்தினத்தார் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நிண்ட உடனை இறங்கி நாலு பக்கமும் சுத்திப் பாத்தீங்கள். குனிஞ்சு கீழையும் பாத்தீங்கள். நான் சீற்றுக்குள்ள நடுங்கிக்கொண்டு இருக்கிறன். பிறகு வந்து என்னட்டச் சொன்னனீங்கள், 'இறங்கும், பாரத்துக்குச் சில்லுப் புதையுது' எண்டு." தவமலர் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். குரல் உயரவில்லை. "ரயரை மாத்துங்கோ. மாத்தவேண்டியதுதானே."

அந்த இரவு பாக்கியரத்தினத்தார் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கொடுமை, அப்படிக் கத்தியது அவருக்கு நினைவே இல்லை. நினைவிருந்தால் மன்னிப்புக் கேட்கலாம், கத்தவில்லையென்று நிச்சயமாகத் தெரிந்தால் வாதாடலாம். நினைவில்லாததற்கு என்ன செய்வது? தவமலர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியென்றால், வாய் தன்பாட்டில் திறந்த நேரத்தில் உள்ளே இருந்து வந்தது கார்தான். இத்தனை வருடம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிசி எங்கே போனார்? கோயிலடியில் கையை விரித்துக்கொண்டு நின்றதும் இப்போதுதான் நினைவுக்கு வந்து சுட்டது.

மறுநாள் ஹிஸ்புல்லாவிடம் போனார். "நானா, பின்பக்கம்தான் சுத்தினது. மழைத் தண்ணியில பிறேக் பிடிச்சால் நேரா நிக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம். நாலையும் மாத்துங்கோ."

"அப்பிடி ரயர் இரிக்கி. ஆனா வேகத்துக்கு அது அவ்வளவு சரிவராது, சேர்."

"நான் பஸ்ஸுக்குப் பின்னால போற ஆள்தானே."

நிப்றாஸ் கேள்விப்பட்டு அதிர்ந்துபோனார். "சேர், சிங்கத்துக்குப் புல்லுப் போட்ட மாதிரி இரிக்கே!" "இருக்கட்டும் தம்பி. புல்லுத் தின்னுற சிங்கம் மாட்டோட சண்டைக்குப் போகாது" என்றார் பாக்கியரத்தினத்தார். இவ்வளவு விரைவாக அவர் முடிவெடுத்ததை நிப்றாஸ் பிறகு அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ரயர் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை ஆனது. அந்தக் கிழமை முழுக்க, பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது, அவர் மனதுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டு போனார். எருமை வந்தால், 'தவம்'. நாய் குறுக்கே வந்தால், 'தவம்'. யானை வந்தாலும், 'தவம்'. ஐம்பத்து நாலு வயது மனிதர், வாய்பாடு பாடமாக்குகிற பிள்ளைபோல.

வாணி விழா அன்று காலையில், "ரயர் போட்டாச்சு. பின்னேரம் வாறன்" என்று மட்டும் சொன்னார். அரை நாள் லீவு போட்டுவிட்டு, பள்ளிக்கூட வாசலில் காரோடு நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. தவமலர் ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் ஒரு பையுமாக வந்தார். காரைச் சுற்றி நடந்து நாலு ரயரையும் பார்த்தார்.

"சந்தனம் பூசட்டே?"

"பூசும்."

"பெயின்ற்?"

"போனால் போகட்டும்." சொல்லும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஆனாலும் சொன்னார்.

நீல நிறத்தின் மேல் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தார் தவமலர். மழைத் தூறலில் அது உடனேயே வழியத் தொடங்கியது. நாலு ரயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். பாக்கியரத்தினத்தார் அவற்றை நசித்துக்கொண்டு காரை மெல்ல முன்னுக்கு எடுத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். இந்தமுறை ரீச்சரைத் தூக்கிவிடாமல், கையைப் பிடித்துப் பள்ளத்துக்குள் இறக்குவதுபோல் உள்ளே இருத்தினார்கள்.

கப்பல்துறைக்குக் கிட்ட மழை பெருத்தது. அந்த வளைவு வந்தது. இவர் மெதுவாகத்தான் போனார், ஆனால் ஒரு எருமைக்கன்று புதருக்குள்ளிருந்து தாயைத் தேடி வீதிக்குப் பாய்ந்தது. பாக்கியரத்தினத்தாரின் கால் பிறேக்கில் விழுந்தது.

"தவம்!"

கார் கோடு கீறியதுபோல் நேராக நின்றது. கன்று காரின் சந்தனத்தை ஒருமுறை மோந்துவிட்டு, வீதி நடுவிலேயே நின்றுகொண்டது.

"இஞ்சதான் இருக்கிறன்" என்றார் தவமலர். பிறகு கழுத்தை எட்டி முன்னால் பார்த்துவிட்டு, "காருக்கும் ஒண்டுமில்லை" என்றார்.

பாக்கியரத்தினத்தாருக்கு அழுகை வந்தது. சந்தோசமா, வேறெதுவுமா என்று அவருக்கே பிடிபடவில்லை. மறைக்கவும் மனம் கேட்கவில்லை.

"தவம், உண்மையைச் சொல்லுறன். ஒரு கிழமையா மனசுக்குள்ள உம்மட பேரைச் சொல்லிச் சொல்லிப் பழகினனான். இப்ப வந்தது தானா வந்ததோ, பழக்கத்தில வந்ததோ எண்டு எனக்கு விளங்கேல்லை."

தவமலர் கன்றைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்ததும் தெரிந்தது.

"நானும் என்ர பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் பாடமாக்கித்தானே குடுக்கிறன்" என்றார். "வாயில வந்தால் சரி. காரை எடுங்கோ, மாடு போயிட்டுது."