டோல்கர் சொல்லாத பெயர்

1. வாசலில் காலணி

காலை எட்டு மணி பத்து நிமிடம். பதிவு அறைக்கு வெளியே, கால்மிதியின் மேல், ரப்பர் அடி வைத்த ஒரு ஜோடி வெள்ளைக் காலணி இருந்தது. ஆஸ்பத்திரி வார்டுகளில் போடும் வகை. கதவைத் திறந்தேன். கம்பளிக் காலுறையோடு ஒரு பெண் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைட் ட்யூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். மேல்கோட்டுக்குள் ஆஸ்பத்திரி ஏப்ரன் தெரிந்தது. அவர்தான் டோல்கர்.

எழுபதுகளின் தொடக்கம். இடம் ம்யூனிக். சென்னையில் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே வந்தவள் நான். ஓர் ஆய்வு மையத்தின் ஒலிக் காப்பகத்தில் வேலை. நாடு விட்டு வந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல வேண்டும். அதை டேப்பில் பதிவு செய்து, ஹெட்போனும் கால் பெடலும் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டு, ஜெர்மனில் டைப் அடிக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்துக்கு ஒதுக்கப்பட்டவர்கள் திபெத்தியப் பெண்கள்.

அதுவரை எங்கள் நூலகத்தில் இருந்த திபெத் புத்தகங்களில் லாமாக்கள் பேசினார்கள், அமைச்சர்கள் பேசினார்கள், மலையேறப் போன வெள்ளைக்காரர்கள் பேசினார்கள். பெண்கள் புகைப்படங்களில் இருந்தார்கள். படத்தின் கீழே "பார்லி தூற்றும் பெண்கள்" என்று போட்டிருக்கும்.

2. ஓசூர் வழி

டோல்கருக்குத் திபெத்திய மொழியும் கன்னடமும் நன்றாகத் தெரியும். ஜெர்மன், வார்டில் பேசும் அளவுக்கு. மைசூர்ப் பக்கத்துத் திபெத்தியக் குடியிருப்பில் சில ஆண்டுகள் காடு வெட்டி மக்காச்சோளம் போட்டவர். குளிர்காலத்தில் பெங்களூர் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர். பேரம் பேசியே கன்னடம் கற்றுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கன்னடம் வராது. ஆகவே செல்வராஜைப் பிடித்தோம். ஓசூர்க்காரர், ம்யூனிக்குக்கு வெளியே கார்ஹிங்கில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். அப்போது கார்ஹிங்கிலிருந்து பஸ்ஸில்தான் வர வேண்டும். டோல்கர் கன்னடத்தில் சொல்வார். செல்வராஜ் எனக்குத் தமிழில் சொல்வார். நான் ஜெர்மனில் எழுதுவேன்.

"அக்கா, திபெத்துலேருந்து ஜெர்மனிக்கு வரணும்னா ஓசூர்ல பஸ் மாறணும் போல," என்றார் செல்வராஜ் முதல் நாள். அதை அவரே டோல்கருக்கும் கன்னடத்தில் சொன்னார். டோல்கர் சிரிக்கவில்லை. ஓசூரில் பஸ் மாறியிருக்கிறாராம். கக்கூஸ் சுத்தமில்லை என்றார்.

இனி அவர் பேச்சைச் செல்வராஜ் சொன்ன தமிழிலேயே தருகிறேன்.

முதல் மூன்று ஸ்பூல் டேப்பில் அவருடைய இளமைக்காலம். "உழுறது ஆம்பளைங்க, விதைக்கறது நாங்க. கல்யாணத்துக்கு அப்புறம்தான் கோடு போட்ட ஏப்ரன் கட்டலாம். எங்கம்மா பார்லி பீர் நல்லா போடுவா. வரி வாங்க வர்றவன் எங்க வீட்லதான் முதல்ல இறங்குவான், அதனால எங்களுக்குத்தான் வரி ஜாஸ்தி." பிறகு எல்லை தாண்டிய கதை. குழந்தை சோனத்தை முதுகில் அங்கிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு கணவாய் ஏறியது. குழந்தை அழாமல் இருக்க வெண்ணெய் தடவிய விரலைச் சப்பக் கொடுத்தது. "பக்கத்துல வீட்டு ஆளு நடந்தாரு," என்பார். கணவரை எப்போதும் "வீட்டு ஆளு" என்றுதான் சொல்வார்.

அந்தக் கணவாயோடு எங்கள் பதிவு நின்றது. சோனம் விஷயமாக அவர் அலைய வேண்டியிருந்தது.

சோனம் இந்தியாவில் ஒரு மலையூர் விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. வசந்தத்தோடு படிப்பு முடிகிறது. அதற்கு மேல் விடுதியில் இடம் கிடையாது. அடுத்தது ஸ்வெட்டர் நடைபாதை அல்லது கம்பளத் தறி. டோல்கர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்கு நர்ஸிங் பயிற்சி இடம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். வருடக் கடைசிக்குள் வெளிநாட்டவர் அலுவலகம் அனுமதி தர வேண்டும். தராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"கூட வாங்க," என்றார் டோல்கர். "என் ஜெர்மன்ல பெட்பேன் கேட்கலாம், பொண்ணைக் கேட்க முடியாது."

3. மூன்று ஊர்க்காரர்கள் ஒத்துப்போனது

அதிகாரியின் பெயர் ப்ராண்டல் என்று வைத்துக்கொள்வோம். பவேரியக் கிராமத்துக்காரர், பொறுமையானவர். டோல்கர் பிறந்த வருடம் கேட்டார். "எருது வருஷம்," என்றார் டோல்கர். செல்வராஜ் விரல் விட்டு எண்ணி ஒரு வருடம் சொன்னார். அதிகாரி டைப் அடித்தார்.

"பெண்ணின் தந்தை பெயர்?"

டோல்கர் மடியைப் பார்த்தார். செல்வராஜ் கன்னடத்தில் கேட்டார். பதில் இல்லை. அதிகாரி விரல்களை டைப்ரைட்டர் மேல் வைத்தபடி மறுபடி கேட்டார். டோல்கர் மாட்டேன் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார். அவ்வளவுதான்.

செல்வராஜ் முகம் தெளிந்தது. என்னிடம் தமிழில், "அக்கா, இது நம்ம ஊரு மேட்டர்தான். எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் எங்கப்பா பேரைச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில கேட்டாக்கூட என் மூஞ்சியைப் பார்ப்பாங்க," என்றார். பிறகு அதிகாரியிடம் ஜெர்மனில் விளக்கினார். எங்கள் பக்கத்தில் மனைவி கணவனின் பெயரைச் சொல்ல மாட்டாள். அது மரியாதை. மறைப்பதாக நினைக்க வேண்டாம்.

ப்ராண்டல் ரசித்துக் கேட்டார். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'பண்ணைக்காரர் சாப்பிட வரட்டும்' என்பார்." எனக்கும் செல்வராஜ் சொன்னது இயல்பாகவே பட்டது. ஓசூரும் சென்னையும் பவேரியாவும் ஒத்துப்போயின. டோல்கர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதிகாரி காகிதத்தை உருவினார். "அப்படியானால் தந்தையின் சம்மதக் கடிதம் வேண்டும். உயிரோடு இருக்கும் தந்தையிடம் கேட்காமல் மைனர் பெண்ணை நான் வரவழைக்க முடியாது. அது அவர் உரிமை. பெயரும் கையெழுத்தும் அதிலேயே இருக்கும், இந்த அம்மாவும் சொல்ல வேண்டியிருக்காது."

உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டு எழுந்து நின்று கை கொடுத்தார்.

4. டிராம் நிறுத்தம்

வெளியே டிராமுக்கு நிற்கும்போது செல்வராஜ் டோல்கரிடம் விஷயத்தைச் சொன்னார். கணவரிடம் கடிதம் வாங்க வேண்டும்.

"எங்கே போய் வாங்கறது?"

"வீட்டு ஆளு எங்க இருக்காரோ அங்கதான்."

"அவர் இல்லையே. ரோடு போடற வேலைல செத்துட்டாரே."

செல்வராஜ் இதை எனக்குத் தமிழில் சொன்னார். பிறகு டோல்கர் பக்கம் திரும்பி, "அங்கேயே சொல்லியிருக்கலாமேக்கா?" என்றார்.

"பேரை ஏன் சொல்லலைன்னு நீதான் அவருக்கு விளக்கம் சொன்னே. அவரும் தலையாட்டினார். இறந்தவங்க பேரைச் சொல்ல மாட்டாங்கன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கே, படிச்சவங்கன்னு நினைச்சேன்."

தான் என்ன சொன்னேன் என்பதைச் செல்வராஜ் சொன்னார். தமிழ்நாட்டில் பெயர் சொல்லாவிட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

டோல்கர் அதை நம்பவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். ஆம் என்று தலையசைத்தேன்.

"உயிரோட இருக்கிற மனுஷனையா? அப்ப எப்படிக் கூப்பிடுவீங்க? யாக்கைக் கூப்பிடற மாதிரி சீழ்க்கை அடிச்சா?"

"'ஏங்க'ன்னு சொல்லுவாங்க."

"சந்தையில 'ஏங்க'ன்னா எத்தனை பேர் திரும்புவான்?" என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஊரில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். டிராம் வந்து போய்விட்டது. அடுத்த டிராம் வருவதற்குள் சிரிப்பு அடங்கி, "இப்ப சோனம் என்ன ஆவா?" என்றார்.

5. நடைக்கூடம்

மறுநாளே மறுபடி போனோம். ப்ராண்டல் வருத்தம் தெரிவித்தார். சட்டப்படி விஷயம் இப்போது எளிதாகிவிட்டது, சம்மதக் கடிதம் வேண்டியதில்லை என்றார். மைசூர்ப் பக்கத்துக் குடியிருப்பின் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்து மரணத்தை உறுதி செய்துகொள்ளலாம். ஆனால் யாருடைய மரணம் என்று கேட்க வேண்டும் அல்லவா? பெயர் வேண்டும்.

செல்வராஜ் இந்தத் தடவை சொந்த விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. டோல்கரிடம் காரணத்தைக் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே ஜெர்மனில் சொன்னார்.

"அவர் போயிட்டிருக்கார். பின்னாலேருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பார். போக முடியாம நிப்பார். நாங்க யாரும் கூப்பிட மாட்டோம்."

"வெளியே கிளம்பறவங்களைப் பின்னாலேருந்து கூப்பிடக் கூடாதுன்னு எங்க ஊர்லயும்..." என்று ஆரம்பித்த செல்வராஜ் நிறுத்திக்கொண்டார். "இல்லக்கா, அது வேற. விடுங்க," என்றார் என்னிடம்.

ப்ராண்டல் கேட்டார், "குடியிருப்பில் வேறு யாராவது எழுதி அனுப்பலாமா?"

"அங்கே இருக்கறவங்களுக்கும் அவர் சொந்தம்தான். அவங்களைச் சொல்லச் சொல்ல முடியாது," என்றார் டோல்கர். பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் தந்தை பெயர் என்ற இடத்தில் "காலமானவர்" என்று மட்டும் இருக்கிறதாம்.

டோல்கர் ப்ராண்டலை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செல்வராஜிடம் கேட்டார், "இவருக்கு எங்க பாஷை தெரியுமா?"

"ஒரு வார்த்தை தெரியாது."

"வீட்டு ஆளைப் பார்த்திருக்காரா, கேள்விப்பட்டிருக்காரா?"

"எப்படிக்கா?"

"அப்ப இவர்கிட்ட சொன்னா அது கூப்பிடறது ஆகாது." அப்படிச் சொன்னாரே தவிர, அவருக்கே அதில் முழு நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் வெளியே போங்க. உங்களுக்கு அவரோட கதை தெரியும்."

நடைக்கூடத்தில் நின்றோம். கதவில் பால் கண்ணாடி. டோல்கர் மேஜையைச் சுற்றிப் போய் அதிகாரியின் காதருகே குனிவது நிழலாகத் தெரிந்தது. டைப்ரைட்டர் சில தட்டுத் தட்டி நின்றது, மறுபடி தட்டியது. எழுத்துக்கூட்டியிருக்க வேண்டும்.

வெளியே வந்தவர் எங்களிடம் பேசவில்லை. நடைக்கூடத்தின் கோடியில் இருந்த குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "டிராம்," என்றார்.

6. நான்காவது ஸ்பூல்

அடுத்த வாரம் பதிவு தொடர்ந்தது. எல்லை தாண்டிய பிறகு இமயமலைச் சாலை முகாம். ஆண்கள் பாறையில் துளை போட, பெண்கள் உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்கள். கூலி ஆண்களுக்கு அதிகம். குழந்தைகளைத் தார் டின்னுக்குப் பக்கத்தில் நிழலில் விட்டுவிட்டுப் போவார்கள். மழைக்காலத்தில் மலையின் ஒரு பக்கம் சரிந்தது. "அன்னிக்குச் சமைக்கறது என் முறை. அதனால மேலே போகலை. சாயங்காலம் வீட்டு ஆளு வரலை. மறுநாள் என் சுத்தியலை எடுத்துக்கிட்டுப் போனேன். ஜல்லி உடைச்சாத்தான் மாவு." அதற்குப் பிறகு டேப் வெகுநேரம் வெறுமனே ஓடியது. செல்வராஜ் எதையும் இட்டு நிரப்பவில்லை.

பத்திரிகையில் எனக்குக் கற்றுக்கொடுத்தது, கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் சூழ்நிலையை வைத்து அர்த்தப்படுத்து என்பது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது வேறு. பதில் வரவில்லை என்றால் "பதில் வரவில்லை" என்று டைப் அடித்துவிட்டு, ஏன் என்று அவரிடமே கேட்க வேண்டும். நமக்குத் தெரிந்த வழக்கம் மாதிரியே ஒன்று தென்படும்போது இரண்டு தடவை கேட்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். அந்த ஸ்பூலின் டைப் பிரதியில் துறைத் தலைவர் அடிக்குறிப்பில் கணவர் பெயரைச் சேர்க்கச் சொன்னார். "சொல்லப்படவில்லை" என்று போட்டேன்.

தந்திக்குப் பதில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே அனுமதி கிடைத்தது.

7. பதிவு

வசந்தத்தில் சோனம் வந்து இறங்கினாள். அம்மாவை விட ஒரு சாண் உயரம். ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். அம்மாவின் காலணியைப் பார்த்து, "இது ஆம்பளை செருப்பு மாதிரி இருக்கு," என்றாளாம். டோல்கர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே வாரம் அலுவலகத்தில் அவள் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. நானும் போனேன். ப்ராண்டல் எழுந்து நின்று வரவேற்றார். நல்லவிதமாக முடிந்ததில் அவருக்கும் மகிழ்ச்சி. கோப்பைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விவரங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துச் சரிபார்த்தார். பெண்ணின் பெயர். பிறந்த இடம். தாயின் பெயர். அதற்கு அடுத்த வரியையும் அதே குரலில், நிறுத்தி, ஒவ்வொரு அசையாகப் பிழையில்லாமல் படித்தார்.

டோல்கர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அது யார்?" என்று சோனம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உன் தந்தை," என்றார் ப்ராண்டல்.

அந்தப் பெயரை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.