துளை இல்லாத தாள்

நேற்று வேங்கிக்கால் வீட்டில் ஒரு பழைய பெட்டியைத் திறந்ததும் குப்பென்று அடித்த வசம்பு வாசனையில், அம்மா தேரடித் தெருவில் நடத்திய பழைய புத்தகக் கடைக்கே போய்விட்டேன். இன்று அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். பூச்சி வராமலிருக்க அலமாரிதோறும் அம்மா வசம்பு முடிச்சு வைப்பாள், ஆனால் வரும்போதே புழு துளைத்துவிட்ட நூறு வருஷப் புத்தகங்களும் இருந்தன, அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்த அட்டையில் நுழைந்து அந்த அட்டையில் வெளியேறும் ஊசித் துளை வழியே, கடை வாசலிலிருந்து தெரியும் மலையை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு பெரிய மலை, ஒரு கடுகுக்குள்!

அப்படித்தான் ஒரு நாள், வேலூர்ப் பேராசிரியர் ஒருவர் வாங்கவிருந்த புத்தகத்தில் மலை தெரியவில்லை. புரட்டிப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் துளை இருந்தது, நடுவில் ஒன்றில் மட்டும் இல்லை.

"அம்மா, இந்தத் தாளை மட்டும் புழு கடிக்கவே இல்ல!"

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "முழுப் பிரதின்னு சொன்னீங்களேம்மா?"

"முழுசுதாங்க. ஒரு தாள் இல்ல, வேற பிரதியிலேர்ந்து எடுத்துத் தெச்சேன்," என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமே. உங்க வார்த்தைய நம்பித்தான் இவ்ளோ தூரம் வர்றேன்."

அவர் வாங்காமல் படியிறங்கினார். அடி விழும் என்று ஒடுங்கி நின்றேன். அம்மா அந்தத் தாளை விரலால் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

"பென்சில் எடுத்துட்டு வாடி, மொதப் பக்கத்துலயே எழுதி வெச்சுடலாம்," என்று மேல்தட்டிலிருந்து குரல் வந்தது. "இதே மாதிரி இன்னும் மூணு இருக்கு."