பத்து மணி மேடு

செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனத்தில் கைப்பிடி அக்கா என்றால்தான் வாசல் காவலருக்கே தெரியும். கப்பலில் வானொலி இயக்குநராக இருந்த ஒருவர் கரைக்கு வந்து, காலிக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, யாரோ கழித்துப்போட்ட பெரிய டிஷ் ஒன்றை வைத்துத் தொடங்கிய நிறுவனம் அது. வேலைக்கு மூன்றே பேர். முதல் மழைக்காலத்திலேயே டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார் எரிந்துபோனது; மாற்று வர நான்கு நாள். செயற்கைக்கோள் ஓரிடத்தில் நிற்பதாகப் பேர்தான், லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த நான்கு நாளும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதன் பின்னாலேயே டிஷ்ஷைத் திருப்பியவர் அக்கா. மற்ற இருவரும் மாற்றிவிட வந்தால், "முரட்டுத்தனமா சுத்துவீங்க, போங்க" என்று பாதி நேரம் விரட்டிவிடுவார். ஒரு கப்பலின் பேச்சும் அறுபடவில்லை.

பதினெட்டு வருடத்தில் கிடங்கு போய்க் கண்ணாடிக் கட்டடம் வந்தது. அக்காவின் வேலை மட்டும் மாறவில்லை. எங்கோ மலையில் புது டிஷ் பொருத்துபவர் போனில் இருப்பார், அக்கா திரையைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் இடது... போதும்... ஒரு நூல் மேல" என்பார். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலும் இதே பதில்தான் என்று அவர் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வாடிக்கையாளரின் சிக்னலும் அந்தத் திரையில் ஒரு சிறு மேடாக எழும். அறுநூற்றுச் சொச்சம் மேடுகளில் எது யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். அப்படி ஒரு கண் அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

பழைய செயற்கைக்கோளுக்கு எரிபொருள் தீர்ந்தது. எல்லா டிஷ்களையும் புதிய செயற்கைக்கோள் பக்கம் திருப்பியாக வேண்டும். வியாழன் நண்பகலோடு பழையது அணைந்துவிடும். புதன்கிழமை மேலாளர் பட்டியலை நீட்டினார். அத்தனை வரியும் பச்சை, அதாவது எல்லாம் திருப்பியாயிற்று. அக்கா பட்டியலைப் பார்க்காமல் பழைய செயற்கைக்கோளின் திரையைக் காட்டினார். ஓரத்தில் குட்டியாக ஒரு மேடு எழுந்து, இரண்டு நிமிடம் நின்று, அடங்கியது. மணி பத்து.

"அது வெறும் இரைச்சல்க்கா."

"நேத்தும் இதே பத்து மணிக்குத்தான். இரைச்சல் மணி பாத்தா வரும்?"

சொல்லும்போதே அக்காவுக்கு அது யார் என்று நினைவு வந்தது. முதல் வருடம், டிஷ் வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காக, தொலைதூரத் தீவின் மருத்துவ நிலையம் ஒன்றில் இலவசமாக ஒரு கருவியைப் பொருத்தினார்கள். பதிவேட்டில் அதன் பேர் வெறும் 'சோதனை'. பிறகு பதிவேட்டைக் கணினிக்கு மாற்றியபோது, சோதனை என்றிருந்த வரிகளையெல்லாம் குப்பை என்று நீக்கியவர் வேறு யாருமல்ல, அக்காதான்.

அழித்த வரியோடு அவர்கள் எண்ணும் போய்விட்டது; மறுபடி அந்த மேடு எழும்போதுதான் பிடிக்க முடியும். ஆள் அனுப்பினால் போய்ச் சேர மூன்று நாள். செயற்கைக்கோளின் சொந்தக்காரரோ ஒரு நிமிடம்கூடத் தள்ளிவைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

வியாழன் பத்து மணிக்கு அக்கா அந்த மேட்டில் காது வைத்தார். தீவின் நர்ஸ் நகரத்து டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஒரு மணிக்கு மறுபடி கூப்பிடச் சொல்லி டாக்டர் வைத்தார். அக்கா உடனே அந்த இணைப்புக்குள் நுழைந்தார்.

"வச்சிடாதீங்கம்மா! போன் கம்பெனிலேருந்து பேசறேன். பன்னெண்டு மணிக்கு இந்த லைன் செத்துடும். டிஷ்ஷ நீங்கதான் திருப்பணும்."

"நானா? எனக்கு ஊசி போடத்தாங்க தெரியும்."

"அளக்க டேப் இருக்கா?"

"குழந்தை தலை அளக்கிறது இருக்கு."

"டிஷ் நிக்கிற குழாயைச் சுத்தி அளங்க."

"முப்பத்தாறு சென்டிமீட்டர்."

"நல்லதாப் போச்சு. டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர். இப்ப இருக்கிற எடத்துல, குழாயிலயும் அதைக் கவ்வியிருக்கிற வளையத்துலயும் சேர்த்து ஒரு கோடு; அதுலேருந்து கிழக்கே பதினோரு மில்லிமீட்டர்ல குழாயில மட்டும் இன்னொரு கோடு. போல்ட்டைத் தளர்த்தி, வளையத்துக் கோட்டை அந்த ரெண்டாவது கோட்டுக்குக் கொண்டு வாங்க. பொட்டியில பச்சை விளக்கு வர்ற வரைக்கும் மெதுவா. ஒண்ணு சொல்லிடறேன், திருப்ப ஆரம்பிச்சதும் என் குரல் போயிடும். பயப்படாதீங்க."

பழைய மேடு மறைந்தது. புதிய திரையில் ஒன்றும் வரவில்லை. பதினொன்று. பதினொன்றரை. இடது, வலது என்று சொல்லியே வாழ்ந்தவருக்கு இப்போது சொல்ல ஆளில்லை. மேலாளர் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போனது. பன்னிரண்டு அடித்ததும் பழைய திரை தட்டையானது. இனி அந்த நர்ஸுக்குத் திரும்பிப்போகவும் இடமில்லை. அக்கா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு பதினேழுக்குப் புதிய திரையில் ஒரு மேடு தயங்கித் தயங்கி எழுந்தது.

"போல்ட்டு துருப்பிடிச்சுக் கெடந்துச்சுங்க," மூச்சு வாங்கியது அந்தக் குரல். "கேக்குதா?"

"கேக்குதும்மா. ஒரு நூல் மேல... போதும். இறுக்கிடுங்க." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"இத்தனை வருஷமாகியும் எங்களை ஞாபகம் வச்சிருக்கீங்களே," என்றார் நர்ஸ்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"இல்லம்மா. மறந்துட்டேன். பட்டியல்லேருந்து உங்களை அழிச்சதே நான்தான்."

கைதட்டல் நின்றது.

"சரி, அப்ப இப்ப எழுதிக்கங்க," என்றார் நர்ஸ். "சீக்கிரம். ஒரு மணிக்கு டாக்டரைக் கூப்பிடணும்."