தனக்கோடி கழுவிய கம்பளம்

மீன் பிடிக்கப் போகிற படகில் யாராவது கம்பளம் விரிப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். வாசுதேவன் சாரைக் கேளுங்கள். மெட்ராஸில் பெரிய கான்ட்ராக்டர். ஞாயிற்றுக்கிழமையானால் கம்பெனி ஆட்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்தைத் தாண்டி எங்கள் குப்பத்துக்கு வந்துவிடுவார். அவருடைய இன்ஜின் படகு எங்கள் கரை மணலில்தான் நிற்கும். வருகிறவர்கள் தூண்டிலைப் போட்டு நாலு மீன் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுடைய பாதத்துக்கு மரப்பலகை உறுத்தக் கூடாதென்று படகின் அடித்தளம் முழுக்கக் கம்பளம். சிவப்புக் கம்பளி, விரல் கனம், படகின் வளைவுக்குத் தகுந்தபடி வெட்டித் தைத்தது.

தூண்டிலில் வந்த மீன் அந்தக் கம்பளத்தில்தான் விழுந்து துடிக்கும். ரத்தம், செதில், இரைக்குக் கொண்டுபோன இறாலின் கூழ் எல்லாவற்றையும் பெரிய மனிதர்கள் மிதித்து மிதித்து உள்ளே ஏற்றிவிட்டுப் போவார்கள். அதைச் சுத்தம் செய்வது தனக்கோடி அண்ணன் வேலை.

அண்ணன் எங்கள் பக்கத்து வீடு. ஒரு காலத்தில் அவர் கட்டுமரம் தள்ளினால் மற்றவர்கள் பின்னால்தான் வருவார்கள். ஒருநாள் அலை திருப்பி அடித்ததில் கட்டுமரமே அவர் தோளில் ஏறிவிட்டது. கட்டுப்போட்டவன் எலும்பைக் கோணலாகக் கட்டிவிட்டான். அதற்குப் பிறகு வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. துடுப்புப் போட முடியாத ஆளை எந்தக் கட்டுமரத்தில் ஏற்றுவார்கள்? இரண்டு மூன்று வருஷம் ஊரார் வலையைத் தைத்துக் கொடுத்து, அவர்கள் போட்ட மீனைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அந்தக் குனிந்த தலையை நிமிர்த்தியது வாசுதேவன் சாரின் படகு. அந்தச் சம்பளத்தில்தான் மகள் வரலட்சுமிக்குக் கல்யாணம் செய்தார். இப்போது அவள் தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, பச்சை உடம்போடு வீட்டில் படுத்திருந்தாள். மொத்தக் குடும்பமும் அந்தக் கம்பளத்தின்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அவர் அதைக் கழுவிய விதம் வலைக்காரன் கழுவுகிற விதம். இழுத்துக்கொண்டுபோய் அலையில் அலசி, மணலில் விரித்துவிடுவார். வலைக்கு அது சரி. கம்பளி உப்பை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு காயவே மாட்டேன் என்றது. பகலெல்லாம் காய்ந்த மாதிரி இருக்கும், மறுநாள் விடியலில் தொட்டால் ஈரம். ஆடி மாசம் பிறந்தபோது அந்த நாற்றம் என் வீட்டுச் சோற்றுக்கே வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் மூக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னாராம்: "அடுத்த வாரம் என் சம்சாரம் வர்றா. டெல்லியிலிருந்து ஒரு ஆபீசரும் வர்றார். துளி நாத்தம் இருந்தாலும் நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன், தனக்கோடி."

அண்ணன் சோடா உப்பு போட்டுப் பார்த்தார், சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். கடல் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்கவா செய்யும்? நல்ல தண்ணீரில் அலசினால் ஒழிய வழியில்லை.

நல்ல தண்ணீர்! எழுபத்தைந்தாம் வருஷத்து ஆடியில் அதைக் கேட்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். முந்தின ஐப்பசியில் மழை பேருக்குத் தூறிவிட்டுப் போயிருந்தது. எங்கள் குப்பத்துக்கு இருந்தது மணல்மேட்டுக்குப் பின்னால் ஓர் ஊற்று. இடுப்பளவுப் பள்ளம், அவ்வளவுதான். நாங்கள் பொம்பளைகள் வரிசையில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் மேலாக மொண்டு, கசிகிற வரைக்கும் காத்திருந்து மறுபடி மொள்ளுவோம். வீட்டுக்கு இரண்டு குடம். அடிமண்ணைச் சுரண்டினால் கீழே இருக்கிற உப்புத்தண்ணீர் ஏறிவிடும் என்று எங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆம்பிளைகளுக்குத்தான் தெரியாது. எந்தக் காற்றுக்கு நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். வாழ்நாளில் ஒரு குடம் மொண்டிருக்க மாட்டார்கள்.

அண்ணன் முதலில் என்னிடம்தான் வந்தார்.

"முனிம்மா, ஊத்துல கொஞ்சம் ஜாஸ்தியா மொண்டுக்கட்டா? அந்தக் கம்பளத்துக்கு."

"இன்னாண்ணே, புத்தி கீதா உனக்கு? குடிக்கவே இல்லாம ஜனங்க பேஜாராகிக் கெடக்குது. அவன் மிதிக்கிற கம்பளத்துக்கு நம்ம குடிதண்ணியா?"

"வேலை பூடும்மா."

வேலை போனால் அந்த வீடு என்னாகும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கூடாதென்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். குப்பமே கோயிலில் இருந்தது. அண்ணனின் சம்சாரம் வச்சலா அண்ணிகூட மகளையும் குழந்தையையும் தூங்கவைத்துவிட்டுக் கும்பிட வந்திருந்தாள். உடுக்கைச் சத்தத்தில் அடுத்தவர் பேசுவது காதில் விழவில்லை. அந்த நேரத்தில்தான் அண்ணன் கம்பளத்தைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு மணல்மேட்டைத் தாண்டியிருக்கிறார்.

கொட்டாங்கச்சியால்தான் ஆரம்பித்தாராம். ஊற்றிய தண்ணீரையெல்லாம் கம்பளி குடித்துவிட்டு, பழுப்பாகக் கொஞ்சம் கக்கியிருக்கிறது. ஊற்று கசியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை, நேரமும் இல்லை. வீட்டுக்கு ஓடி மண்வெட்டி எடுத்துவந்து வெட்டினார். குபுகுபுவென்று தண்ணீர் வந்தது, முதலில் நல்ல தண்ணீர்தான். அந்த நொண்டிக் கையோடு இறைத்து இறைத்து ஊற்றினார். "அம்மாதான் கண்ணைத் திறந்துட்டான்னு நெனச்சேன்" என்று பிற்பாடு சொன்னார். அப்படி நினைத்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? மண்ணைத் தள்ளிப் பள்ளத்தைப் பழையபடி சரிசெய்துவிட்டு, கம்பளத்தைச் சவுக்குத்தோப்பில் விரித்துப் போட்டார். ஆடிக்காற்றில் அது மறுநாளே காய்ந்துவிட்டது.

சனிக்கிழமை விடியலில் முதல் குடம் வச்சலா அண்ணியுடையது. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க வேண்டுமென்று அவளை முன்னால் விட்டிருந்தோம். ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். துப்பினாள். இன்னொரு கை அள்ளினாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"உப்புக் கரிக்குது முனிம்மா."

நாங்கள் எல்லோரும் அள்ளி அள்ளிப் பார்த்தோம். கடல்தான். நான் குடத்தின் வாயில் கட்டியிருந்த வடிகட்டித் துணியில் சிவப்பாகக் கம்பளிப் பிசிறு ஒட்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியை அவிழ்த்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். கூட்டமும் பின்னாலேயே வந்தது. அவர் துணியைப் பார்த்தார். ஒரு பொய்யாவது சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

"நான்தான்" என்றார்.

உள்ளே குழந்தை அழுதது. யாரும் அவரை அடிக்கவில்லை, அபராதம் போடவில்லை. அடித்தால் ஊற்று தித்திக்குமா? தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயக் கிணறு இருந்தது. அதன் சொந்தக்காரரிடம் கெஞ்சி, வெயிலில் நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தோம். வச்சலா அண்ணி எங்களுக்கு நாலடி தள்ளியே நடந்தாள். அவளோடு பேசுவதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சார் சொன்னபடி சம்சாரத்தோடும் டெல்லி ஆபீசரோடும் வந்தார். கம்பளத்தைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். முகமெல்லாம் பல்.

"அடேயப்பா, புதுசு மாதிரி இருக்கேப்பா! குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா, தொண்டை வறளுது."

அண்ணன் ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். எந்தத் தண்ணீர் தெரியுமா? ஊற்றுத் தண்ணீர். சார் ஒரு வாய் வைத்து மணலில் துப்பினார்.

"சே! என்னய்யா இது? இதையா குடிக்கிறீங்க?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சார். இந்தக் கம்பளத்தை அலசுனதுல உப்பு ஏறிட்ச்சி."

வலை காயப்போட வந்த நாங்கள் நாலைந்து பேர் அங்கேதான் நின்றிருந்தோம். சார் கம்பளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், சங்கடப்பட்டார். சங்கடப்பட்டுவிட்டு, அண்ணனின் கோணல் தோளைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்:

"சரி விடு, போனது போகட்டும். வாரா வாரம் இதே மாதிரி சுத்தமா வெச்சுக்கோ. அடுத்த தடவை வேற கிணத்துல கழுவு."

அண்ணன் இடுப்பு முடிச்சில் இருந்த இன்ஜின் பெட்டிச் சாவியை அவிழ்த்தார். கம்பளத்தின்மேல் வைத்தார். அந்த வேலைக்காக அவர் எங்கள் தண்ணீரைக் கெடுத்தார், அந்த வேலையையும் இப்போது விட்டுவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. தண்ணீர் இல்லாத ஊரில் பச்சைப்பிள்ளை வேண்டாமென்று மகளையும் குழந்தையையும் அந்த வாரமே சம்பந்தி வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகு விவசாயக் கிணற்றுக்குப் போகிற பொம்பளைகள் வரிசையில் கடைசியாக அவரும் நடந்தார். எங்கள் குப்பத்தில் ஆம்பிளை குடம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. நல்ல தோளில் ஒரு குடம். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் ஊற்றிவிட்டு, மிச்சம் இருந்தால் தன் வீட்டுக்கு. மறுபடி ஊரார் வலையைத் தைத்தார், மறுபடி தலை குனிந்தார்.

ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. கார்த்திகை பிறந்தபோது ஊற்று பழையபடி தித்தித்தது. குப்பமே சிரித்துக்கொண்டு மொண்டது. வச்சலா அண்ணி தன் பங்கை மொண்டாள். அண்ணன் மட்டும் மறுநாளும் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தார் ரோட்டுப் பக்கம் திரும்பினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"எங்கண்ணே போய்கினு கீற? ஊத்துதான் தித்திக்குதே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வந்து மொண்டுக்கோ."

அவர் குடத்தை இறக்கவில்லை.

"நீங்க சொல்ல மாட்டீங்கம்மா. ஆனா என் பங்கைத்தான் அன்னிக்கே மொண்டு ஊத்திட்டேனே" என்று சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.