என் கணவர் தமிழில் கேட்ட கேள்வி

எங்கள் தொகுதி காங்கிரஸ்மேன், நம்மூர்க் கணக்கில் எம்.பி., பொங்கல் விழாவுக்கு வந்தபோது அவருடைய பேச்சைத் தமிழில் சொன்னவள் நான். டெக்சஸில் எங்கள் ஊரான ஆலனில் தமிழ் விழாவுக்கு வருகிறவர்களில் ஆங்கிலம் தெரியாதவர்கள் முதல் இரண்டு வரிசைக்குள் அடங்கிவிடுவார்கள். பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்த அப்பா அம்மாக்கள், மங்கி கேப்பும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிலும் பாதிப்பேர் வங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள், ஆங்கிலப் பேப்பரில் பிழை கண்டுபிடிக்கிறவர்கள். ஆனாலும் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் ஒற்றைக்காலில் நின்றார். "தமிழ்ச் சங்கத்துல தமிழ் கேக்கணும் இல்லையா" என்றார். நான் வார இறுதியில் தமிழ் வகுப்பு எடுக்கிறவள் என்பதால் மைக் என் கைக்கு வந்தது.

கூடவே ஒரு கண்டிஷனும் வந்தது. "பாலிடிக்ஸ் வேண்டாம்மா. அவர் என்ன சொல்றாரோ அத அப்படியே சொல்லிடுங்க. யாராவது ஏடாகூடமா கேள்வி கேட்டா மட்டும் கொஞ்சம் டீசன்ட்டா மாத்திக் கேட்டுடுங்க." செயலாளர் நல்ல மனிதர். பள்ளிக்கூட கேஃபிடீரியாவை வாடகைக்குப் பிடிப்பதிலிருந்து கடைசியில் மேசை துடைப்பதுவரை அவர் தலையில்தான் விடியும். சரி என்றேன்.

அந்த ஜனவரியில் நான் எதற்குமே சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு எம்.எஸ். என்கிற நரம்பு நோய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றிக்கொண்டால் நடப்பார், கார் ஓட்டுவார், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தள்ளிப்போனால் இடது கால் இழுக்க ஆரம்பிக்கும். இந்த விஷயம் உலகத்தில் டாக்டர்களைத் தவிர மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவருக்கு, எனக்கு, பதினைந்து வயதாகும் எங்கள் மகளுக்கு. சென்னையில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கே சொல்லவில்லை. வேலை தேடுகிற ஆளுக்கு நோய் என்று தெரிந்தால் யார் ரெஃபர் பண்ணுவார்கள் என்பது ஒரு காரணம். நாலு பேர் தன்னைப் பாவம் என்று பார்ப்பதை அவரால் தாங்க முடியாது என்பதுதான் பெரிய காரணம்.

அவருக்கு வேலை போனபோது அதோடு இன்சூரன்ஸும் போனது. நான் ஒரு டேகேரில் பகுதிநேரம் வேலை பார்க்கிறேன், அங்கே இன்சூரன்ஸ் கிடையாது. ஃபெடரல் சட்டம் ஒன்றின் புண்ணியத்தில், நோயைக் காரணம் காட்டி யாரும் அவரைத் தட்டிக்கழிக்காமல், நாங்களே ஒரு பிளான் வாங்கினோம். பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கூடுதல் உதவி டிசம்பரோடு நின்றது. அதை நீட்டிக்கக் கூடாது என்றவர்களில் எங்கள் காங்கிரஸ்மேனும் ஒருவர். புதிய பிரீமியத்தை எங்களால் ஓரிரு மாதங்களுக்கு மேல் கட்ட முடியாது. அடுத்த மருந்து ஏப்ரலில். இதைப் பற்றி நாங்கள் ஒருமுறை பேசினோம், பிறகு பேசவில்லை. நான் பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் தாள் திருத்தினேன்.

விழாவுக்குக் காங்கிரஸ்மேன் கோட்டும் பூட்ஸுமாக வந்தார். எல்லாரையும் பார்த்து வணக்கம் என்று கைகூப்பினார், காரில் வரும்போது யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் குத்துவிளக்கில் பேட்டரி விளக்குகள் வைத்திருந்தோம். சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் அவர் விளக்கைச் சுற்றி வந்தார். செயலாளர் அடியில் தடவி ஏற்றிவைத்தார். பொன்னாடை போர்த்தினோம், போட்டோ எடுத்தோம்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டார். ஆயிரம் பக்கச் சட்டத்தை வாஷிங்டனில் எழுதினால் அது டெக்சஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் ஒரே மாதிரி பொருந்துமா, மாநிலங்களிடம் விட்டுவிடலாமே என்றார். உதவித்தொகை கொடுக்கக் கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான் கொழுக்கின்றன, மக்கள் கையில் கொடுத்தால் அவர்களே பார்த்து வாங்கிக்கொள்வார்கள் என்றார். நம் பிள்ளைகள் தலையில் கடனை ஏற்றிவைப்பதற்காகவா இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்றார். அதனால்தான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன் என்றார். வில்லனைப் போல எல்லாம் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகளைப் பற்றி அவர் சொன்னது எனக்கே சரியாகப் பட்டது.

நான் நன்றாக மொழிபெயர்த்தேன். அவர் தயங்கிய இடத்திலும் நான் தயங்கவில்லை. அவருடைய நீளமான வாக்கியங்களை உடைத்து, கேட்கிறவர்களுக்கு உறைக்கிற மாதிரி சொன்னேன். முதல் வரிசை மாமாக்கள் தலையாட்டினார்கள். "கரெக்ட்டா பேசறார்" என்றார் ஒருவர். கைதட்டல் அவரைவிட எனக்குத்தான் பலமாக வந்தது. பல் டாக்டர் ஊசி போட்டபிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் எனக்கு அது இருந்தது.

பிறகு கேள்விகள். முதல் கேள்வி கிரீன் கார்டு, எப்போதுமே அதுதான். இரண்டாவதாகக் கடைசி வரிசையில் என் கணவர் எழுந்தார். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடமாக ஆங்கிலத்தில் மீட்டிங் நடத்தியவர், தமிழில் ஆரம்பித்தார்.

"எனக்கு எம்.எஸ். இருக்கு. அஞ்சு வருஷமா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ இன்ஃப்யூஷன் போடலன்னா நடக்க முடியாமப் போயிடும். சப்சிடி நின்னுபோச்சு. ஏப்ரல்ல எங்கிட்ட இன்சூரன்ஸ் இருக்காது. டாக்டருக்கும் எனக்கும் நடுவுல இப்ப கவர்ன்மென்ட் இல்ல. ஏப்ரல்ல நான் என்ன பண்ணணும்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

சொல்லுங்க என்றார், பொது இடத்து மரியாதையோடு. மங்கி கேப்புகள் எல்லாம் பின்னால் திரும்பின. சாப்பாட்டு மேசையில் பொங்கல் எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஆன்ட்டிகள் கரண்டியோடு நின்றார்கள். என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காங்கிரஸ்மேன் ஒருவர்தான் புன்னகை மாறாமல் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார்.

தாங்களே இன்சூரன்ஸ் வாங்கிக்கொள்ளும் குடும்பங்களுக்கு உங்கள் திட்டம் என்ன என்று கேட்கிறார். இதுதான் நான் ஆங்கிலத்தில் சொன்னது.

அருமையான கேள்வி என்றார் அவர். போட்டி பெருகினால் விலை குறையும், மலிவான பிளான்கள் வரும், அதற்கான மசோதாவுக்காகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார். அந்தப் பதிலை என் கணவருக்கு ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் நின்றபடியே கேட்டார். "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

செயலாளர்மேல் பழி போடலாம். அவர் சொன்னது அந்த நிமிடம் என் நினைவில்கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். பொன்னாடை போர்த்தி உட்காரவைத்த விருந்தாளியிடம் என் வாயால் அதைக் கேட்டால் கையேந்துகிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. கையேந்தினால்தான் என்ன என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகும்போது என் கணவர்தான் காரை ஓட்டினார். பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்: "அம்மா, தட்ஸ் நாட் வாட் அப்பா ஆஸ்க்ட்."

"விடும்மா" என்றார் அவர்.

அடுத்த சிக்னலில் நான் கேட்டேன். "ஏன் இங்கிலீஷ்ல கேக்கல?"

பச்சை விழுந்ததும் காரை எடுத்தபடி சொன்னார். "கேக்கலாம்னுதான் எழுந்தேன். வாயில வரல. தமிழ்ல சொல்லிட்டா மீதிய நீ பாத்துப்பேன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து சங்கத்தில் கட்டிக்கொடுத்த பொங்கலைச் சூடுபண்ணிச் சாப்பிட்டோம்.

அந்த வாரம் முழுக்கக் காலிங் பெல் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஆன்ட்டி ரசம் கொண்டுவந்தார். இன்னொருவர் கேரளாவில் ஒரு வைத்தியசாலையின் நம்பரைக் கொடுத்தார். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு என் கணவர் உள்ளறைக்குப் போய்விடுவார். முன்வரிசை மாமா ஒருவர் வழியாகச் செய்தி சென்னைக்கும் போய், மாமியார் வீடியோ காலில் அழுதார். நான் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், எனக்கு அழுகை வரவில்லை.

காங்கிரஸ்மேனின் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் மொழிபெயர்ப்பை வெகுவாகப் பாராட்டி, விளக்குக்குப் பக்கத்தில் நாங்கள் நிற்கும் போட்டோவும் வைத்திருந்தார்கள். மகள் அதைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது ஆலனில் எல்லாருக்கும் தெரியும். அன்று அந்தக் கேஃபிடீரியாவில் இருந்தவர்களில் விஷயம் தெரியாதவர் காங்கிரஸ்மேன் ஒருவர்தான். அவரிடம் சொல்லத்தான் என் கணவர் எழுந்து நின்றார்.