கிடைக்கக் கூடாது என்று வேண்டிய கேஸ் கட்டு

அமெரிக்க விசா நேர்காணலுக்கு மும்பைக்கு வரச்சொல்லி நாள் குறித்துக் கடிதம் வந்த அன்று, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. சந்தோஷத்தில் அல்ல, பயத்தில். அதன்பிறகு ஒரு மாதம் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. பெட்டியை அடுக்குவேன், பிரிப்பேன், மறுபடி அடுக்குவேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் செல்வராணி, காரைக்குடியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்கு ஒரே மகள் ஸ்டெல்லா. அமெரிக்காவில் நர்ஸ் வேலை, அந்த ஊர்க் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். முந்தின தவக்காலத்தில் மருமகன் சாலை விபத்தில் இறந்துபோனார். நான்கு வயதுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறாள். போனில் அழமாட்டாள். அவள் அழாமல் பேசுவதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்காது. எங்களை அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்லி, எனக்கும் அவள் அப்பாவுக்கும் தனித்தனியாக மனுப் போட்டாள். அந்தத் தனித்தனிதான் எனக்குப் பயம். எனக்குக் கிடைத்து அவருக்கு இல்லை என்றாகிவிட்டால் நான் யாரிடம் போவேன், யாரை விடுவேன்?

அவர் பெயர் சவரிமுத்து. எங்கள் ஊர்ச் செக்காலையில் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பங்குக் கோவிலில் ஜெபமாலை சொல்ல முதல் ஆளாக முழங்காலில் நிற்பார். ஆனால் எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் இப்படி இல்லை. தேவகோட்டைப் பக்கம் அவருடைய சொந்த ஊரில், மாதா திருவிழாச் சப்பரத்தைத் தூக்கும்போது முன்கொம்பு யார் பிடிப்பது என்று தகராறு. அருளப்பன் என்பவரை வாயில் வந்தபடி வைதார், கட்டையால் அடித்தார், நெற்றியில் தையல் போடும்படி ஆகிவிட்டது. கேஸ் ஆனது. ஒருநாள் கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்து, ராஜியாகிவிட்டது என்றார். அதோடு சரி. முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் அந்தக் கேஸுக்கு 'ராஜி' என்றுதான் பெயர்.

அந்த நம்பிக்கையில்தான் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் நிரப்பியபோது, வழக்கில் தண்டனை உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டோம். போலீஸ் சான்றிதழும் சுத்தமாக வந்தது. நேர்காணலுக்குத் தயார் செய்ய ஸ்டெல்லா போனில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, இவர் போகிற போக்கில் சப்பரச் சண்டையைச் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கேஸ் எப்படி முடிந்தது என்பதற்குக் கோர்ட் நகல் வேண்டும், தண்டனை இருந்தால் நாமாகவே சொல்லிவிட வேண்டும், மறைத்தது தெரிந்தால் வாழ்நாளுக்கும் கதவு சாத்திவிடும் என்றாள்.

தேவகோட்டையில் எங்களுக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் போனோம். இவரைத்தான் துருவித் துருவிக் கேட்டார். எதிர்த்தரப்பு கோர்ட்டுக்கு வந்து சமாதானம் என்று சொன்னாரா? இல்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அன்னைக்கு இருந்த வக்கீல் குமாஸ்தா, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிருங்க, ராஜியாப் போயிரலாம்னாரு. கட்டிட்டு வந்துட்டேன்" என்றார் இவர்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். "அது ராஜி இல்லண்ணே. குத்தத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுனீகன்னா அது தண்டனை. ஜெயிலுக்குப் போனாத்தான் தண்டனைன்னு நெனச்சுக்கிட்டிருக்கீக."

அன்றைக்கே வக்கீலம்மா மூலமாகக் கோர்ட்டில் நகல் கேட்டு மனுப் போட்டாயிற்று. பழைய கட்டு, தேடித்தான் பார்க்க வேண்டும், கிடைத்தாலும் கிடைக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். செக்காலையில் விசா ஏஜென்ட் ஒருவரிடம் நான் மட்டும் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் காதில் தேன் ஊற்றினார். "அந்தக் கேஸ் கட்டெல்லாம் கரையான் தின்னுருக்கும் டீச்சர். போலீஸ் சர்டிபிகேட்டே சுத்தமா இருக்கு. வாயத் தெறக்காம இருந்துட்டு வாங்க."

அதை நான் பிடித்துக்கொண்டேன். கட்டு கிடைக்காவிட்டால் காட்டவும் ஒன்றும் இல்லை, சொல்லவும் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலுக்குப் போனேன். காணாமல் போன சாவி, காணாமல் போன மோதிரம், ஓடிப்போன பிள்ளை எல்லாம் கிடைக்க வேண்டும் என்று ஜனங்கள் மெழுகுதிரி ஏற்றுகிற இடத்தில், நான் ஒருத்திதான் ஒரு பொருள் கிடைக்கவே கூடாது என்று திரி ஏற்றினேன். கரையானுக்காக ஜெபித்த கிறிஸ்தவள் இந்தக் காரைக்குடியிலேயே நானாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வந்தும் நிம்மதி இல்லை. போன் அடித்தால் எடுக்கப் பயம். தேவகோட்டை பஸ் தெருமுனையில் திரும்பினால்கூட எட்டிப் பார்ப்பேன்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமையும் திரி ஏற்றிவிட்டு வந்தபோது வக்கீலம்மா போன் செய்தார். கட்டு கிடைத்துவிட்டது. கரையான் அதன் பக்கமே போகவில்லையாம்.

அன்று அந்தோணியாரோடு நான் போட்ட சண்டையை எழுத முடியாது. நகலில் இரண்டு குற்றம் இருந்தது. கெட்ட வார்த்தை பேசியதற்கு ஒன்று, அடித்ததற்கு ஒன்று. பேசிய வார்த்தையையும் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பவர், இதை ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்று என்னிடமே கேட்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி. பக்கத்தில் தமிழில் சொல்லிக் கொடுக்க ஒரு அம்மா. வலது கையை உயர்த்தி உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்தோம். என்னிடம் நான்கைந்து கேள்வி கேட்டு, விசா போட என் பாஸ்போர்ட்டை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். இவருடையது வெளியிலேயே கிடந்தது.

அதிகாரி கேட்பதற்கு முன்பே இவர் ஆரம்பித்துவிட்டார். "படிவத்துல தண்டனை இல்லைன்னு போட்டிருக்கு. அது தப்பு." சண்டையைச் சொன்னார், நகலை உள்ளே தள்ளினார். மொழிபெயர்க்கிற அம்மா நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், "பிறகு ராஜியாயிடுச்சா?" என்று.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அத்தனை வருடம் வீட்டில் சொன்ன அதே வார்த்தை. சொல்லிவிடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ராஜி இல்லம்மா. நான்தான் அடிச்சேன். கோர்ட்டுல ஒத்துக்கிட்டேன். ராஜின்னு நானாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார்.

அதிகாரி நகலை வாசித்தார். அந்த வார்த்தைகள் வந்த இடத்தில் புருவம் உயர்ந்ததை நான் பார்த்தேன். எழுந்து உள்ளே போனார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போதுதான் எனக்கு ஜெபமே வந்தது. ஆண்டவரே, இனி உமக்கு நான் எதையும் சொல்லித் தரமாட்டேன், உம் இஷ்டப்படி செய்யும் என்றேன். ஒரு மாதத்தில் முதல்முறையாக என் கை சும்மா இருந்தது.

அதிகாரி திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அடிபட்டவர் இப்போது எங்கே இருக்கிறார்?

"எங்க ஊர்லதான் இருக்காக. வருசா வருசம் முன்கொம்பு அவுகதான் பிடிக்கிறாக. நான் பின்கொம்பு."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். இவருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து என்னுடையதன் மேல் வைத்தார். இந்த மாதிரிப் பழைய சண்டைக் கேஸ் விசாவுக்குத் தடை இல்லை, நகல் கையில் இருந்ததால் இன்றைக்கே முடிந்தது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வைத்திருப்போம் என்றார். எந்த நகலைக் கரையான் தின்ன வேண்டும் என்று நான் திரி ஏற்றினேனோ, அதே நகல்.

ரயிலில் திரும்பி வரும்போது, ஊருக்குப் போனதும் அந்தோணியார் கோவிலில் வந்தவர்களுக்கெல்லாம் அசனச் சாப்பாடு போட வேண்டும் என்றார் இவர். எதற்கு என்று கேட்டேன். "கட்டு கெடைக்கணும்னு ரெண்டு செவ்வாயும் திரி ஏத்துனேன். தெரியாமச் சொன்ன பொய்யத் தெரிஞ்சே தூக்கிக்கிட்டு எப்படிப் போறது" என்றார்.

நானும் இரண்டு செவ்வாயும் ஏற்றினேன் என்றேன். நீ என்ன வேண்டினாய் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாவம் அந்தோணியார். ஒரே வீட்டுல இருந்து ரெண்டு மனு."

இதை ஸ்டெல்லாவின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் வேலைக்குப் போயிருக்கிறாள், பேரன் தாத்தா மடியில் தூங்குகிறான். போன வாரம்தான் அவள் என் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அதற்கே ஆண்டவருக்குக் கோடி நன்றி. உங்களில் யாராவது எதையாவது மூடி வைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்கத் திரிந்தால், தப்பான வேண்டுதலாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். என் மனுவை அவர் கிழித்துப் போட்டார். அதனால்தான் நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறோம்.